வராததற்கான காரணம்

வயிற்றுவலியில்தான் தொடங்கியது.

அன்று காலை பூனை வழக்கம்போல எழுந்து குளித்தாள், சீருடை போட்டுக்கொண்டாள், அம்மாவிடம் தலையைக் கொடுத்து இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டி வாசல்வரை வந்தவள், ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்துவிட்டு மறு காலை நுழைக்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“வயிறு வலிக்குதும்மா.”

பதின்மூன்று வயதுப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது எந்நேரமும் சுருண்டு படுத்துத் தூங்கியதால் அப்பா அவளைப் பூனை என்று கூப்பிட ஆரம்பித்தார்; வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மாத நாள் வலியாக இருக்கும் என்று நினைத்து, வெந்நீர் போட்டுக் கொடுத்து, கட்டிலில் படுக்கச் சொன்னாள். ஒரு நாள்தானே.

பள்ளி திறந்த வாரத்தில் பெற்றோர்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளை வராத நாளில் முதல் மணி அடிக்குமுன் பெற்றோரே போன் செய்து காரணம் சொல்ல வேண்டும். பிள்ளை பேசினால் செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் பேசினாலும் செல்லாது. நோய் என்று சேர்ந்தாற்போல் சில நாள் போனால் டாக்டர் சான்று வேண்டும். அதற்கும் மேலே போனால் பெற்றோரை நேரில் கூப்பிடுவார்கள். அதற்கும் மேலே கல்வி அலுவலகத்தின் பாடு. எல்லாம் நியாயமான விதிகள்தான். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் என்னவோ ஆகிவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டாமா? படித்தபோது அம்மாவும் தலையாட்டி ஆமோதித்தவள்தான்.

போன் செய்தாள்.

“ஹலோ, பள்ளி அலுவலகம். ஹலோ, சொல்லுங்க,” என்றது ஒரு பெண் குரல்.

பெயரையும் வகுப்பையும் சொல்லி, “வயித்துவலிங்க,” என்றாள் அம்மா.

“சரிங்கம்மா, குறிச்சுக்கிட்டேன். பாத்துக்கோங்க. நாளைக்கு அனுப்பிடுங்க.”

மறுநாளும் பூனை குளித்து, உடுத்தி, வாசல்வரை வந்தாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள்.

அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீண்ட கூடம். மேலேயுள்ள வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, முக்கால்வாசி காய்ந்ததும், ஆள் நீளத்துக்கு உருளை வைத்த இஸ்திரி மெஷினில் இருவர் இருபக்க முனையையும் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். மறுபுறம் இருவர் வாங்கி மடிப்பார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை எவளோ போனைப் பார்த்துக்கொண்டே விரிப்பைக் கொடுத்து விரலைச் சுட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லார் போனும் உடைமாற்றும் அறையில் பெட்டிக்குள். டீ இடைவேளையில்தான் எடுத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் அம்மா பூனையை எப்படியோ பேசிப் பேசி ஷூ போடவைத்து, பஸ் நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போனாள். இருவருக்கும் பஸ் வேறு வேறு. அம்மாவின் பஸ் முன்னால் வந்துவிட்டது. “அடுத்ததுல ஏறிடு, என்ன?” என்றாள். பூனை தலையாட்டினாள். டீ இடைவேளையில் போனை எடுத்தபோது பள்ளியிலிருந்து வரிசையாக அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டாள்.

“ஹலோ, உங்க பொண்ணு இன்னைக்கும் வரலையே. நீங்களும் சொல்லல.”

அம்மா உடனே வீட்டு எண்ணுக்குப் போன் போட்டாள். நல்லவேளையாகப் பூனையே எடுத்தாள்.

“பஸ் வந்துச்சும்மா. கதவு திறந்துச்சு. என்னால ஏற முடியல. டிரைவர் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டாரு.”

“ஏம்மா முடியல?”

 “தெரியலம்மா,” என்றாள்.

அன்றிலிருந்து அம்மா சூப்பர்வைசரிடம் கெஞ்சி, வேலைக்குச் சற்றுத் தாமதமாக வரவும் சாயங்காலம் அதை ஈடுகட்டவும் அனுமதி வாங்கிக்கொண்டாள். காலையில் பூனையோடு வாசலில் போராடுவாள். தோற்ற பிறகு பள்ளிக்குப் போன் செய்வாள். அலுவலகத்துப் பெண் பேச்சை எப்போதும் ஹலோ என்றே தொடங்கியதால் அப்பா அவளுக்கு ஹலோ மேடம் என்று பெயர் வைத்தார். “என்ன, இன்னைக்கு ஹலோ மேடம்கிட்ட என்ன வியாதி சொன்ன?” என்று கேட்பார். ஆரம்பத்தில் அவருக்கு இது ஒரு வேடிக்கைதான். சின்ன வயதில் தானும் பள்ளிக்கு மட்டம் போட்டவன், இதெல்லாம் ஒரு வாரக் கூத்து, தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பூனை மட்டம் போடுகிறவள் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். மட்டம் போடுகிற பிள்ளை மணி அடித்த நேரம் தாண்டியதும் குதித்து எழுந்து டிவி போடும். இவள் சீருடையைக் கழற்றாமலே கட்டிலில் சுருண்டு கிடப்பாள். முகம் வெளுத்து, உள்ளங்கை வேர்த்திருக்கும். மத்தியானம் எழுந்து பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தானே கணக்குப் போடுவாள். சாயங்காலம் நன்றாகவே இருப்பாள். “நாளைக்குக் கண்டிப்பா போறேன்மா,” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

டாக்டரிடம் போனார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் நல்ல மனுஷன். முதல் முறை சான்று எழுதிக் கொடுத்தார். இரண்டாம் முறை பேனாவை எடுத்துவிட்டு மறுபடி மேசைமேல் வைத்தார்.

“என்ன நோய்னு எழுதறதும்மா? உடம்புல ஒண்ணும் இல்லையே. பயம், பதற்றம்னு நான் எழுதினா செல்லாது. அதுக்குன்னு தனி டாக்டர் இருக்காங்க. நான் சீட்டு தர்றேன், அங்க போய்ப் பாருங்க.”

அந்தத் தனி டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் போட்டால், வரிசையில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் முறை வரப் பல மாதங்கள் ஆகும், நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். அதுவரை பள்ளிக்கு என்ன சொல்வது என்று அம்மா கேட்டாள். அதைப் பள்ளியிடம் கேளுங்கள் என்றார்கள். பள்ளியிடம் கேட்டாள். அதை டாக்டரிடம் கேளுங்கள் என்றார்கள்.

காரணங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. வயிற்றுவலி, தலைவலி, பல்வலி, சளி எல்லாம் சொல்லியாகிவிட்டது. இஸ்திரி மெஷினில் அம்மாவோடு மறுமுனை பிடிக்கும் மூத்தக்கா, வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து தோழி. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவள். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

“தாத்தா செத்துட்டார்னு சொல்லு. ஒரு வாரம் தாங்கும்.”

“ரெண்டு தாத்தாவும் எப்பவோ போயாச்சுக்கா. பள்ளிக்கூடத்துலயும் தெரியும்.”

“அப்போ சித்தி கல்யாணம்.”

“எனக்குத் தங்கச்சியே கிடையாது.”

“என்ன குடும்பம்டி உன்னது, அவசரத்துக்கு ஒரு ஆள் உதவ மாட்டேங்குது,” என்றாள் மூத்தக்கா. நீராவிக்கு நடுவில் இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தபோதே அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. மூத்தக்கா விரிப்பின் முனையை இழுத்துப் பிடித்தபடி, “கொடு, கொடு, மெஷின் நிக்காது,” என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை ஹலோ மேடம், “ஹலோ, இன்னைக்கு என்னம்மா?” என்று கேட்டபோது, அம்மாவிடம் சொல்ல வியாதி எதுவும் மிச்சமில்லை.

“அவளால வர முடியலைங்க.”

“ஹலோ, காரணம் சொல்லுங்கம்மா. முடியலைன்னு போட எனக்கு இடம் இல்ல. உடம்பு சரியில்லையா, குடும்ப விசேஷமா, துக்கமா, இல்ல வெளியூரா?”

“இதுல எதுவும் இல்லைங்க.”

 “அப்போ காரணம் இல்லாம வரலைன்னு தான்மா விழும். நான் வேணும்னு பண்ணல. அது அப்படித்தான் போய் விழும்.”

அன்று சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அவருக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை. கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஜன்னல் கண்ணாடி மாட்டுவார். வேனின் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தச் சட்டம் அடித்திருக்கும். பத்து விரலில் ஏதாவது ஒன்றில் எப்போதும் கட்டு இருக்கும். பேச்சும் சிரிப்புமான மனுஷன். அன்று அவர் சிரிக்கவில்லை.

“நீ இடம் கொடுக்கிற. அதான் விஷயம். நாளைக்கு நான் கொண்டுபோய் விடறேன்.”

 ஒருவேளை அதுதான் சரியோ என்ற எண்ணம் அம்மாவுக்கும் இருந்தது. தன்னால் முடியாதது வேறு யாராலாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

காலையில் அப்பா பூனையின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டவைத்தார். அவள் கத்தவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. விறைத்துப்போய் அவரோடு நடந்து வேனில் ஏறினாள். அம்மாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். இன்றைக்கு எந்தக் கடைக்குக் கண்ணாடி கொண்டுபோகிறார், அந்தக் கடைக்காரன் போனமுறை எப்படிக் கண்ணாடி இருப்பதே தெரியாமல் நேராகப் போய் முட்டிக்கொண்டான் என்று. பூனை முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா வேனை நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

“வா, பூனை. அஞ்சு நிமிஷம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்.”

பூனை இருக்கைப் பட்டையைக் கழற்றாமல் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அப்பா குனிந்து பட்டையைக் கழற்றினார். அவள் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது. “எல்லாரும் பாக்கறாங்க, இறங்கு,” என்றார், குரல் உயர்ந்தது. இடுப்பில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். அப்போதுதான் அவர் கை நின்றது.

இருக்கை நனைந்திருந்தது. சீருடைப் பாவாடை நனைந்து, சாக்ஸ் வரை வழிந்துகொண்டிருந்தது. பூனை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வேனைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி கையசைத்தாள். அப்பா சட்டென்று தன் உடம்பால் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தி, சுற்றி வந்து, வண்டியைத் திருப்பினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூனை குளியலறைக்குள் போய்விட்டாள். அப்பா வேனுக்குத் திரும்பிப்போய், நனைந்த இருக்கையைத் துடைக்க உட்கார்ந்தார். துணியைப் பிழிந்து பிழிந்து, காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அவர் பின்னால் போய் நின்றாள்.

“போதும்ங்க.”

“நான் அவளைத் தூக்கப் பாத்தேன்,” என்றார் அவர். “அத்தனை பேருக்கு நடுவுல.”

அதன்பிறகு அவர் பூனையிடம் பள்ளியைப் பற்றிப் பேசியதே இல்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. ஹலோ மேடம் பேச்சையும் எடுப்பதில்லை.

பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். துணைத் தலைமையாசிரியரின் அறையில் வட்ட மேசை. அவர், வகுப்பாசிரியை, அம்மா, அப்பா. ஓரத்தில் ஹலோ மேடம். குரலை வைத்து அம்மா அவளை உயரமானவளாக, கண்டிப்பானவளாக நினைத்திருந்தாள். குள்ளமாக, மூக்கு நுனியில் கண்ணாடி வழுக்க, தன்னைவிட இளையவளாக இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

துணைத் தலைமையாசிரியர் கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“வீட்ல ஏதாவது பிரச்சினையா? தயங்காம சொல்லுங்க.”

“இல்ல சார்.”

“இங்க யாராவது அவளைக் கிண்டல் பண்ணாங்களா?”

“கேட்டேன் சார். யாரும் ஒண்ணும் சொல்லலைங்கறா.”

வகுப்பாசிரியைக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அமைதியான பெண், வேலையை முடித்துவிடுவாள், இரண்டு தோழிகள் உண்டு, சண்டை எதுவும் தன் காதுக்கு வரவில்லை என்றாள். போன வருஷம் பரிசுகூட வாங்கினாளே என்றாள். ஐந்து பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு குற்றவாளி கிடைத்திருந்தால் எல்லாருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஐந்து பெரியவர்கள் ஒரு சின்னப் பெண்ணின் பயத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வகுப்புக்கு வர வேண்டாம். பிள்ளைகளெல்லாம் உள்ளே போனபிறகு பின்வாசல் வழியாக நூலகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்தால் போதும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம். சீருடைகூட வேண்டாம். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எழுந்தபோது துணைத் தலைமையாசிரியர் தயங்கிச் சொன்னார்.

“நாங்க எங்களால ஆனதைச் செய்யறோம். ஆனா வராத நாள் ஒவ்வொண்ணும் மேல போய்க்கிட்டே இருக்கு. அதை நான் நிறுத்த முடியாது. ஒரு அளவு தாண்டினா அவங்க உங்களைத்தான் கேப்பாங்க. பிள்ளையை இல்ல.”

பூனையிடம் சொன்னார்கள். அவள் நிறையக் கேள்வி கேட்டாள். பின்வாசல் எது, நூலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா, நடுவில் மணி அடிக்குமா, அம்மா எங்கே நிற்பாள். கேட்டு முடித்து, “சரி,” என்றாள்.

சொன்ன நாளில் அவள் போனாள். அம்மா நூலகத்துக்கு வெளியே நடைபாதையில், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பூனையின் முதுகு தெரிந்தது. முதலில் தோள் காதுவரை ஏறியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு பக்கத்தைத் திருப்பினாள். ஹலோ மேடம் சத்தமில்லாமல் நடந்து வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது பூனை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கேட்டாள். பசிக்கிறது என்றாள். அம்மா சலவைக்கூடத்துக்கு ஓடிப்போய் மூத்தக்காவிடம் சொன்னபோது, இருவரும் பச்சைக் குழந்தை முதலடி வைத்ததுபோலப் பூரித்துப்போனார்கள்.

“நான் சொன்னேன்ல, காலம் எல்லாத்தையும் சரிபண்ணும்னு,” என்றாள் மூத்தக்கா. அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாள் பின்வாசலின் படியில் கால் வைத்துவிட்டு நின்றாள். அம்மா காத்திருந்தாள். உள்ளே யாரோ ஓடும் சத்தம், ஒரு சிரிப்பு, ஒரு கதவு அடித்துச் சாத்தும் ஓசை. பூனை படியிலிருந்து காலை எடுத்தாள். மூச்சு வாங்கியது. “மன்னிச்சிடும்மா,” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படிவரைக்கும்கூட அவளால் வர முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு வாசல்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அம்மா உறவுக்காரர்களிடம் மூச்சுவிடவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நாலு அடி போட்டால் சரியாகும் என்றார் அப்பாவின் அண்ணன். போனை வாங்கி வைத்துக்கொள் என்றாள் ஓர் அத்தை. பூனைக்குப் போனே கிடையாது. விட்டுவிடு, கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்றார் ஒருவர். விட்டுவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டாள் என்றார் இன்னொருவர். எல்லாருடைய பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. எதைச் செய்தாலும் அதற்கு நேர்மாறானதைச் செய்திருக்கலாமோ என்றிருந்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளின் வருகையைப் பார்ப்பதே அவர் வேலை. நரைத்த மீசை, மழையில் நனைந்த ஷூ. உள்ளே கறை படுமே என்று வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தார். பூனையின் அறைக்கதவை மெல்லத் தட்டி, “பாப்பா, நான் திட்ட வரல. பேசலாமா?” என்றார்.

கதவு திறக்கவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க சார்,” என்றது உள்ளிருந்து பூனையின் குரல்.

அவர் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

“படிக்க அனுப்ப வேண்டியது பெற்றோர் கடமை, தெரியும்ல?” என்றார் அம்மாவிடமும் அப்பாவிடமும். “நான் கேட்டே ஆகணும். இதுவரைக்கும் நீங்க என்ன நடவடிக்கை எடுத்தீங்க?”

அம்மா எதை நடவடிக்கை என்று சொல்வது என்று யோசித்தாள். விடியலில் எழுந்து தலை பின்னியதையா, வேலை நேரத்தை மாற்றியதையா, டாக்டரின் வாசலில் நின்றதையா, நூலக நடைபாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையா. அப்பா முந்திக்கொண்டார்.

“ஒரு நாள் தூக்கி இறக்கவே பாத்தேன் சார். அதுவும் பண்ணியாச்சு. இனி நீங்க சொல்லுங்க, பண்றேன். என்ன வேணாலும் பண்றேன். ஆனா அதை மட்டும் மறுபடி பண்ணச் சொல்லாதீங்க.”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் இதுக்கு மருந்து தெரியாதுங்க,” என்றார். “எங்கிட்ட இருக்கறது எச்சரிக்கை ஒண்ணுதான். அதைக் கொடுத்துட்டுப் போறேன். ஆனா அந்தத் தனி டாக்டர் சீட்டு இருக்குன்னு நான் மேல எழுதறேன். நடவடிக்கையைத் தள்ளிவைக்கச் சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியாது.”

கேட்டார்கள். ஆனால் அம்மா நினைத்த மாதிரி இல்லை. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், டீ இடைவேளையில் போனை எடுத்தபோது ஹலோ மேடத்தின் அழைப்பு இருந்தது. கூப்பிட்டாள்.

“ஹலோ… அம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்கே தெரியல. மேலருந்து உத்தரவு வந்திருக்கு. டாக்டர் பாக்கற வரைக்கும் உங்க பொண்ணு பேரை வகுப்புப் பட்டியல்லருந்து எடுத்து, வீட்ல இருந்து படிக்கறவங்க பக்கம் மாத்தியாச்சு. வாரம் ஒரு தடவை பாடம் அனுப்புவாங்க. உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்ல. இனிமே காலையில நீங்க போன் பண்ண வேண்டாம்.”

“திரும்ப வரணும்னா?”

“டாக்டர் எழுதித் தந்தா பாக்கலாம்மா. இடம் இருந்தா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் ஏதாவது கடுமையா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க,” என்றாள்.

“நீங்க ஒண்ணும் பேசலைங்க,” என்றாள் அம்மா.

மெஷினுக்குத் திரும்பி விரிப்பின் முனையைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னபோது மூத்தக்கா, “விட்டுது சனி. இனி புள்ள நிம்மதியா இருக்கும்,” என்றாள். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. தினமும் காலையில் வாசலில் நடக்கும் அந்த வதை இனி இல்லை. ஷூ இல்லை, படி இல்லை. பூனைக்கு இதைச் சொன்னால் பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல இருக்கும். வழியில் அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

பூனை தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். இனி யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள், வீட்டிலேயே படிக்கலாம், பாடம் வீட்டுக்கே வந்துவிடும்.

பூனை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அப்போ காலையில என் பேரைக் கூப்பிட மாட்டாங்களா?”

“இல்லடா. நீ வரலைன்னு இனி யாரும் எழுத மாட்டாங்க.”

“என் இடத்துல வேற யாராவது உக்காருவாங்களா?”

அம்மாவுக்கு அது தெரியாது. பூனையின் முகம் மெல்லக் கோணியது. இத்தனை வாரங்களில், வேனில் நடந்த அன்றுகூட அழாதவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“நான் போகமாட்டேன்னு சொல்லவே இல்லையேம்மா. நாளைக்குப் போறேன்னு தானே சொன்னேன். ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொன்னேன்.”

“ஆமாம்மா. சொன்ன.”

“அவங்ககிட்ட சொல்லு. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.”

“சரி.”

“இப்பவே சொல்லு.”

அம்மா போனைக் கையில் எடுத்தாள். பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும் நேரம் அது. யாரிடம் சொல்வது, சொன்னாலும் எந்த நாளைக்கு என்று சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பூனை அழுகையை அடக்கிக்கொண்டு, கன்னத்தை அம்மாவின் தோளில் அழுத்தி, அந்த மணியைத் தானும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்த அப்பா இருவரையும் பார்த்தார்.  கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, வேலை உடுப்போடு, இருவருக்கும் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.